பனையேறிக் கெண்டை தூண்டிலில் மாட்டவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

கேட்டவர்: குடியாத்தத்தான்
எங்கள் ஊர் ஏரியில் இப்போது நல்ல தண்ணீர். மதகு ஓரம் பாசிக்குள் பனையேறி நிறைய இருக்கிறது, மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டு உள்ளே போவது கரையிலிருந்தே தெரிகிறது. அந்த இடத்திலேயே தூண்டில் போட்டாலும் தக்கை லேசாக ஆடுகிறது, இழுத்தால் வெறும் தூண்டில் முள்தான் வருகிறது. ஜிலேபி மீனுக்குப் போடும் அதே முள்தான், முழு மண்புழு கோத்துப் போடுகிறேன். இதன் குணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை
தம்பி, அது மேலே வருவது இரைக்காக இல்லை. செவுளுக்கு மேலே காற்றை வாங்க இதற்குத் தனி உறுப்பு உண்டு, மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே அடைத்து வைத்தால் செத்தே போகும். அதனால் காற்று குடித்த இடத்தின்மேல் போடாமல், அதையொட்டிப் பாசி விலகியிருக்கும் சின்னச் சின்னத் திட்டில் சத்தமில்லாமல் இறக்குங்கள்.

அப்புறம் முள். பெரும்பாலும் ஒரு சாணுக்கும் குறைவான மீன், முழுப் புழுவைத் தொங்கவிட்டால் வாலைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும். இருப்பதிலேயே சின்ன முள் வாங்கி, புழுவில் ஒரு துண்டை மட்டும் முள் மறைகிற மாதிரி கோத்துவிடுங்கள். தக்கைக்கும் முள்ளுக்கும் ஒரு முழம் போதும். தக்கை ஆடும்போது கை வைக்காதீர்கள், பக்கவாட்டில் நகர ஆரம்பித்ததும் மெல்லத் தூக்குங்கள்.

நெல்வயல்
மேலே அண்ணன் சொன்னது சரி. மழை பிடித்துக் கால்வாயில் புதுத் தண்ணீர் ஓடும்போதும், ஏரி நிரம்பிக் கோடி வழியும்போதும் ஓட்டத்தை எதிர்த்து ஏறும், அப்போது வரப்போரம் ஆழமில்லாத இடத்திலேயே கிடைக்கும். ஆனால் அது முட்டையிடும் காலம், வயிறு உப்பியதைத் திருப்பி விட்டுவிடுங்கள், அடுத்த வருஷமும் மீன் வேண்டாமா!

வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் போதும், மூடியை மட்டும் மறக்காதீர்கள். செவுள் மூடியில் இருக்கும் முள்ளை ஊன்றி ஈரத் தரையில் ஊர்ந்தே போய்விடும்.

குடியாத்தத்தான்
நன்றி அண்ணா, இன்றே சின்ன முள் வாங்குகிறேன். நிஜமாகவே பனை ஏறுமா?

பழையகதை
1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரப் பட்டை வெடிப்பில் இந்த மீனைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார், மரம் ஏறும் மீன் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது அதனால்தான். மரமேறுவது இதன் வழக்கம் என்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. தரையில் ஊர்வதில் சந்தேகமே இல்லை.

பாலாற்றோரம்
முக்கியமான ஒன்று. கை ஒழியவில்லை என்று மீனைப் பல்லில் கவ்விக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, இந்த மீனை மட்டும் அப்படிச் செய்யவே கூடாது. துள்ளித் தொண்டைக்குள் போனால் முதுகு முள்ளும் செவுள் முள்ளும் விரிந்து மாட்டிக்கொள்ளும், வெளியே இழுக்கவே வராது, இப்படி உயிர் போனவர்கள் உண்டு.

இன்னொன்று, ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல் ஆலைக் கழிவு கலக்கிற தண்ணீரில் பிடித்ததைச் சாப்பிடாதீர்கள். கெட்ட தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கிற மீன் இது, உயிரோடு துள்ளுகிறது என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது. ஏரி மீன் ஏலம் போயிருந்தால் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தூண்டில் போடுங்கள்.