நாற்பதுக்கு மேல் ஜப்பானியம்: கான்ஜியைக் கையால் எழுதத்தான் வேண்டுமா?

ஈசூன்வாசி:
எனக்கு 43 வயது. வேலையிடத்தில் ஜப்பானியப் பொறியாளர்களோடு தினமும் பேச வேண்டியிருப்பதால், எட்டு மாதமாக வார இறுதி வகுப்புக்குப் போகிறேன். ஜப்பானியத்தின் ஒலியெழுத்துகளான ஹிரகானாவில் 46, கதகானாவில் 46 எழுத்து. ஒரே மாதத்தில் முடித்தேன். அப்புறம் வந்தது கான்ஜி, சீனத்திலிருந்து எடுத்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பான் அரசு வைத்திருக்கும் பட்டியலில் மட்டும் 2,136. கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொன்றையும் இருபது தடவை எழுதுகிறேன். ஆனால் வாய் திறந்தால் ஒரு வாக்கியம் முழுதாக வரவில்லை. கைபேசியில் ஒலியைத் தட்டினால் கான்ஜி தானாக வந்துவிடுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் எழுதுவதை விட்டுவிட்டுப் பேச்சைப் பிடித்துக்கொள்வதுதான் சரி.

தெம்பனிஸ்மலர்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அண்ணா. "ஹஷி" என்று தட்டுங்கள். பாலமும் வரும், சாப்பிடும் குச்சியும் வரும், ஓரமும் வரும். எது சரி என்று கைபேசிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும். மனிதரைக் குறிக்கும் எழுத்து தனியாக நின்றால் "ஹிதோ", ஜப்பானியர் என்று சொல்லும்போது "ஜின்", மூன்று பேர் என்று எண்ணும்போது "நின்". காதால் மட்டும் படித்தால் இவை ஒட்டாத மூன்று சொற்கள். எழுதிப் பார்த்தவருக்கு ஒரே எழுத்து. அதன் பக்கத்தில் மரத்தைக் குறிக்கும் எழுத்து சேர்ந்தால் ஓய்வு என்று பொருள்! கை பழகினால்தான் இந்த உறுப்புகள் மனத்தில் நிற்கும்.

ஈசூன்வாசி:
என் வகுப்பில் பாதிக்கு மேல் சீனம் படித்தவர்கள். ஆசிரியரும் அவர்கள் வேகத்தில் போகிறார். நான் எப்படி எட்டிப்பிடிப்பது?

உட்லண்ட்ஸ்தமிழ்:
அவர்களுக்கும் குழி உண்டு, அண்ணா. ஜப்பானியத்தில் கடிதத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்தைச் சீனத்தில் படித்தால் கழிப்பறைத் தாள். நமக்குக் கை கொடுப்பது வாக்கிய அமைப்பு. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஜப்பானியர்கள் சொல்லும் "இத்தெகிமஸ்" அப்படியே நம் "போயிட்டு வரேன்". "தபெதெ மிரு" என்றால் "சாப்பிட்டுப் பார்ப்பது". வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். நாமோ இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் தலைகீழாக்கி, மறுபடி நிமிர்த்துகிறோம். நேரே தமிழில் யோசியுங்கள், வாய் தானாகத் திறக்கும். குறில் நெடிலும் ஒற்றும் நமக்குப் பிறவியிலேயே வந்தவை: "ஒபசன்" அத்தை, "ஒபாசன்" பாட்டி, "கிதெ" என்றால் வந்து, "கித்தெ" என்றால் தபால்தலை. (அதற்காகத் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று கிளம்ப வேண்டாம். ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ அப்படி ஓர் உறவை முன்வைத்தார், பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை.)

தெம்பனிஸ்மலர்:
அமைப்பு பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் ஓர் எச்சரிக்கை: தமிழ் எழுத்தில் குறிப்பு எடுக்காதீர்கள். முதல் ஆறு மாதம் நான் அப்படித்தான் எடுத்தேன். சிப்பியும் "ககி", சாவியும் "ககி". முன்னதில் இரண்டாவது ஒலி k, பின்னதில் g. நம் எழுத்தில் அந்த வேறுபாடே தெரியாது. ஹிரகானாவில் g ஒலிக்கு மேலே இரண்டு சிறு கோடு போட்டுக் காட்டிவிடுகிறார்கள். தவறாகப் பதிந்த ஒலியை மாற்ற எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதனால்தான் எழுத்தை விடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஈசூன்வாசி:
ஹிரகானாவை நான் விடச் சொல்லவே இல்லை, மலர். என் சண்டை கான்ஜியோடு. டிசம்பரில் நான் எழுதப்போகும் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித்திறன் தேர்வைப் பாருங்கள். எல்லாம் விடையைத் தேர்ந்தெடுத்து நிரப்புவதுதான். கையால் ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம்.

உட்லண்ட்ஸ்தமிழ்:
அந்தத் தேர்வில் பேச்சும் கிடையாதே, அண்ணா. அதை வைத்துப் பேச்சை விட்டுவிடுவீர்களா?

ஈசூன்வாசி:
அது நியாயமான கேள்வி. சரி, தேதி, கிழமை, இடப்பெயர், எங்கள் வெள்ளைப்பலகையில் அடிக்கடி வருபவை என்று ஒரு நூறு கான்ஜியைக் கையால் எழுதுகிறேன். மீதியைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தால் போதும். நாளை முதல் நோட்டுக்குக் கொடுத்த அரை மணி நேரத்தைச் சாப்பாட்டு வேளையில் பேசுவதற்குக் கொடுக்கப்போகிறேன்.

தெம்பனிஸ்மலர்:
பேசுங்கள், நல்லது. ஆனால் நூறு போதாது, அண்ணா. முந்நூறு தாண்டியபோதுதான் புது எழுத்தில் பழைய உறுப்புகள் என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன.