லாரி மறைக்கும்போது, அதற்கும் முன்னால் போகிறவர் பிரேக் போட்டது எப்படித் தெரியும்?

இரவுப்பயணி:
இரவில் பெரிய லாரிக்குப் பின்னால் ஓட்டும்போது எனக்குப் பயம்தான். அதன் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. அதற்கும் முன்னால் ஒருவர் சடன் பிரேக் போட்டால், லாரியின் சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடுகிறோம். வண்டிகள் ரேடியோவில் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வி2வி இதற்கு உதவுமா? போன் ஆப்பே போதாதா?

அலைவரிசை:
உதவும் சார். இந்த நிலைமைக்குன்னே தனி எச்சரிக்கை இருக்கு. வண்டிக்குள்ள வைக்கிற கருவிக்கு சாஃப்ட்வேர் எழுதுறது என் வேலை, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசை, பிரேக் நிலை எல்லாத்தையும் நொடிக்கு 10 முறை வரை சுத்தி ஒலிபரப்பும். யாருக்குன்னு முகவரி கிடையாது. சில நூறு மீட்டருக்குள்ள இருக்கிறவங்க கேட்டுக்கலாம். டவர் வேண்டாம். வைஃபை மாதிரி முதல்ல கனெக்ட் ஆகிற வேலையும் வேண்டாம். வண்டிகளுக்காக 2010-ல வந்த 802.11p-ங்கிற வைஃபை தரத்துல அந்த வேலையைத்தான் எடுத்துட்டாங்க. இதுக்குப் பயன்படுற 5.9 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை லாரி உடம்பு நல்லாவே மங்க வைக்கும். ஆன்டெனா கூரைமேல இருந்தா சமாளிக்கலாம்.

கஷ்டம் செய்தி வந்து சேர்றதுல இல்லை, எதுக்குக் கத்தணும்னு முடிவு பண்றதுலதான். பக்கத்து லேன்ல ஒருத்தர் பிரேக் போடுறார். ஜிபிஎஸ் ரெண்டு மூணு மீட்டர் விலகினா அவர் நம்ம லேன்லயே இருக்கிற மாதிரி கணக்கு வரும், லேன் அகலமே மூன்றரை மீட்டர்தானே! தேவையில்லாம நாலு தடவை பீப் அடிச்சா ஓட்டுறவர் அதை ஆஃப் பண்ணிடுவார். அப்புறம் உண்மையான ஆபத்து வரும்போது கருவி ஊமையா இருக்கும். எங்க உழைப்புல பெரும்பகுதி இதுக்குத்தான் போகுது, போகவும் வேணும்.

போன் ஆப் வழி சர்வர் போய்ச் சுத்தி வரும். சாலையில பனி, எண்ணெய் வழுக்கல், பழுதாகி நிக்கிற வண்டி இதுக்கெல்லாம் அது தாராளமா போதும். வோல்வோ 2016-லயே சுவீடன், நார்வேயில இப்படி வழுக்கல் எச்சரிக்கை கொடுத்தாங்க. சடன் பிரேக்குக்கு நேரடி ரேடியோதான் நம்பகம்.

ஓரக்கண்:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். பேசுகிற வண்டி, கேட்கிற வண்டி இரண்டிலும் கருவி வேண்டும். பத்தில் ஒரு வண்டியில் இருந்தால், இரண்டிலும் இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று! அமெரிக்கா 1999-ல் இதற்கென 75 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசை ஒதுக்கியது. பெரிதாகப் பயன்படவில்லை என்று 2020-ல் அதில் 45-ஐ வைஃபைக்கு மாற்ற முடிவெடுத்தது.

அலைவரிசை:
உண்மைதான், எனக்கும் அதுல வருத்தம் உண்டு. ஆனா ஐரோப்பாவுல 2019-ல வந்த எட்டாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப்ல இதைக் காரோடவே சேர்த்துக் கொடுத்தாங்க. ஆம்புலன்ஸ், சாலைப் பணி வண்டிகள்ல முதல்ல வச்சா, கொஞ்ச வண்டிங்க இருக்கும்போதே பலன் தெரியும்.

இரவுப்பயணி:
யாராவது பொய்யாக "பிரேக்" என்று அனுப்பினால்?

அலைவரிசை:
ஒவ்வொரு செய்தியிலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும், அது சரியில்லைன்னா கருவி தூக்கிப் போட்டுடும். நம்பர் பிளேட் விவரம் போகாது. யாரும் பின்தொடரக் கூடாதுன்னு, கையொப்பத்தைச் சரிபார்க்க உதவுற டிஜிட்டல் சான்றிதழையும் அடிக்கடி மாத்திக்கிட்டே இருக்கும். கையொப்பம் சரியா இருந்தும் தகவல் தப்பா இருக்கலாம். அதனால வெறும் ரேடியோ செய்தியை நம்பி வண்டி தானா பிரேக் போடக் கூடாது, ஓட்டுநரை எச்சரிக்கிறதோட நிக்கணும்ங்கிறது என் கருத்து.