தண்ணி ரொக்கெட் மேல போகுதில்லை, என்ன பிழை?

கேள்வி:
அண்ணையாக்கள், நானும் தம்பியும் 1.5 லீட்டர் சோடாப் போத்தலில தண்ணி ரொக்கெட் செய்து நேற்று முற்றவெளியில விட்டனாங்கள், சைக்கிள் பம்பால காத்தடிக்கத் தக்கையடியால தண்ணி சீறிச்சுது, பிறகு ஒரு பனை உயரம் கூடப் போகாமல் சுத்திச் சுத்தி விழுந்திட்டுது. ஏன்?

பதில்:
தம்பி எவ்வளவு தண்ணி விட்டனீர்?

கேட்டவர்:
முக்கால் போத்தல் அண்ணை. கூட விட்டால் கூட உயரும் எண்டு நினைச்சன்

பதில்:
அதுதான் பிழை. தண்ணியைத் தள்ளுறது நெருக்குப்பட்ட காத்து, அதுக்கு இடமில்லாட்டித் தண்ணி முடியமுதலே அமுக்கம் விழுந்திடும். மூண்டில ஒரு பங்கு, 500 மில்லிலீட்டர் விட்டுப் பாரும். அதுக்காக வெறுங்காத்தும் சரிவராது, பாரமில்லை, உந்துதல் காணாது.

இன்னொருவர்:
சுத்துறது வேற கதை. மூக்கில கொஞ்சம் களிமண் அப்பும், பாரம் முன்னுக்கு வரோணும், செட்டையளை வால்பக்கமா ஒட்டும். தக்கை ஒழுகினா பழைய டியூப் துண்டு ஒண்டைச் சுத்தி இறுக்கும். குடிதண்ணிப் போத்தல் மட்டும் வேண்டாம், மெல்லிசு, எங்கட ஒண்டு கிணத்தடியில வெடிச்சு அம்மாட்ட வாங்கினது காணும். காத்தடிக்கேக்க மேல குனியாதேங்கோ.