நிலவு தன்னைத்தானே சுழல்கிறதா, புவியைச் சுற்ற மட்டும் செய்கிறதா?

கேள்வி:
புவி தன் அச்சில் சுழல்வதால் இரவும் பகலும் உண்டாகின்றன, சூரியனைச் சுற்றிவருவதால் ஆண்டு பிறக்கிறது என்பது வரை எனக்குத் தெளிவாக இருக்கிறது. குழப்பம் நிலவிடம்தான் தொடங்குகிறது. எப்போது பார்த்தாலும் அதன் ஒரே முகம்தான் நமக்குத் தெரிகிறது. அப்படியிருக்க, நிலவும் தன்னைத்தானே சுழல்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? சுழன்றால் பின்பக்கமும் ஒருமுறையாவது தெரிந்திருக்க வேண்டாமா?

மறுமொழி 1:
சுழற்சி என்பது தனக்குள்ளேயே அமைந்த அச்சைப் பற்றித் திரும்புவது. சுற்றிவருதல் என்பது தனக்கு வெளியே உள்ள ஒன்றை வலம்வருவது. இதைச் சொல்லால் விளக்குவதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. அறையின் நடுவே ஒருவரை உட்காரவைத்து, அவரையே பார்த்தபடி பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து ஒரு சுற்று வாருங்கள். உங்கள் முதுகு அவருக்கு ஒரு கணமும் தெரியாது. ஆனால், உங்கள் கண்முன்னே நான்கு சுவர்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயிருக்கும். அதாவது, நீங்கள் ஒரு முழுச் சுழற்சியை முடித்துவிட்டீர்கள். அடுத்து, வடக்குச் சுவரை விட்டு முகத்தைத் திருப்பாமலேயே அவரைச் சுற்றுங்கள். இம்முறை நீங்கள் சுழலவே இல்லை. ஆனால் அவரோ உங்கள் முகம், தோள், முதுகு அனைத்தையும் பார்த்துவிடுவார். நிலவு சுழலாமல் இருந்திருந்தால்தான் அதன் பின்பக்கம் நமக்குத் தெரிந்திருக்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது முற்றிலும் சரி. நிலவின் சுழற்சிக்கும் சுற்றுக்கும் ஆகும் காலம் ஒன்றே, ஏறக்குறைய 27.3 நாள். இது தற்செயலன்று, புவியின் ஈர்ப்பு நிலவின் உடலில் உண்டாக்கிய ஓத விசை (அருகிலுள்ள பக்கத்தைக் கூடுதலாகவும் தொலைவிலுள்ள பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் எழும் விசை), அதன் சுழற்சியைப் படிப்படியாகத் தளர்த்தி இந்த நிலையில் நிறுத்திவிட்டது. ஆயினும் நிலவின் பாதை நீள்வட்டமாக இருப்பதால் சுற்றும் வேகம் கூடிக் குறைகிறது, சுழலும் வேகமோ மாறுவதில்லை. இதனாலும் அச்சின் சாய்வினாலும் நிலவு மெல்ல அசைந்தாடுவதுபோல் தோன்றி, காலப்போக்கில் அதன் பரப்பில் 59 விழுக்காடு வரை நமக்குக் காட்டிவிடுகிறது. எஞ்சிய பகுதியை 1959இல் லூனா 3 விண்கலம் படமெடுக்கும் வரை எவரும் கண்டதில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, நடந்தே பார்த்துவிட்டேன். ஆனால் விண்வெளியில் அந்த வடக்குச் சுவர் எது?

மறுமொழி 1:
தொலைவிலுள்ள விண்மீன்கள்தான். அவற்றை வைத்து அளந்தால் புவியின் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 நொடி மட்டுமே ஆகிறது. ஒரு நண்பகலிலிருந்து அடுத்த நண்பகல் வரை 24 மணி நேரம் ஆவதற்குக் காரணம், அதற்குள் புவி தன் பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுவதுதான். சூரியன் மீண்டும் உச்சிக்கு வர, புவி இன்னும் சற்றே திரும்ப வேண்டியிருக்கிறது. ஆக, நாள் என்று நாம் வழங்குவதே இரு இயக்கங்களும் கலந்த ஒன்று. வெள்ளிக் கோளில் இந்தக் கலப்பு இன்னும் வியப்பானது: நம் புவி நாள் கணக்கில், சூரியனைச் சுற்ற 225 நாள், எதிர்த்திசையில் ஒருமுறை சுழல 243 நாள், ஆனால் நண்பகலிலிருந்து நண்பகலுக்கு 117 நாளே.

உங்கள் வீட்டிலிருந்தே இதை அளக்கலாம். ஒரே இடத்தில் நின்று, ஒரு விண்மீன் எதிர்க்கூரையின் விளிம்பில் மறையும் நேரத்தைக் குறித்துவையுங்கள். மறுநாள் அது ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும்.