தூரவாணிநகர் ஆல்பமும் பெயர் எழுதாத பின்பக்கங்களும்

தூரவாணிநகரில் வளர்ந்தவர், இப்போது ஹொரமாவு

வணக்கம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணிலிருந்து சாமான் இறக்கியபோது அப்பாவின் ஆல்பம் கிடைத்தது. கறுப்புத் தாள், நாலு மூலையிலும் கார்னர் ஒட்டி, இடையிடையே வெண்ணெய்த்தாள் வைத்த ஆல்பம். மொத்தம் 61 படங்கள். அவற்றில் 23 படங்களில் இருப்பவர்கள் யாரென்று எனக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை.

அப்பா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து 1958இல் பெங்களூருக்கு வந்து ஐடிஐ என்ற தொலைபேசி ஆலையில் சேர்ந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு தொடங்கிய முதல் பொதுத்துறை நிறுவனம் அது, 1948இல் வந்தது. கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி. ஆலை செய்த பொருளின் பெயரே ஊருக்கும் ஆகிவிட்டது. விரல் விட்டுச் சுற்றும் டயல் இருந்ததே, சுற்றி விட்டதும் அது நொடிக்குப் பத்துத் துடிப்பு என்ற கணக்கில் திரும்பி வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் தப்பான நம்பருக்குப் போய்விடும். அதைச் சோதிக்கும் வேலை அப்பாவுக்கு. வீட்டில் கடிகாரத்தின் டிக் சத்தம் கேட்டால்கூட விரலால் மேசையில் தட்டி எண்ணிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஆல்பத்தில் ஒரு இயந்திரம்கூட இல்லை. உள்ளே கேமரா கொண்டுபோகக் கூடாது. ஆயுதபூஜை அன்று மட்டும் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். வாழைக்கன்று கட்டிய மெஷின்கள், சந்தனப் பொட்டு, பூசணிக்காய், கையில் ஒரு பொட்டலம் பொரிகடலை எல்லாம் எனக்கு நினைவில்தான் இருக்கிறது. படங்களில் இருப்பது கேட்டுக்கு வெளியே நின்று எடுத்ததும், குவார்ட்டர்ஸ் வாசலில் எடுத்ததும்தான்.

அம்மாவுக்கு 84 வயது. கண் மங்கல், ஞாபகம் தெளிவு. படத்தை நான் விவரிக்க விவரிக்க அவர் ஆளைச் சொன்னார். யாரையும் பெயரால் சொல்லவில்லை. "அது பதினாலாம் நம்பர் மாமி", "அது கோடி வீட்டு மலையாளத்தக்கா", "அது நைட் ஷிஃப்ட்காரர், பகலில் அவர் தூங்குறப்ப உங்களை விளையாட விடமாட்டேன்" என்று இப்படியே போயிற்று. தெலுங்கு, கன்னடம், மலையாளம், தமிழ் எல்லாம் ஒரே வரிசையில் குடியிருந்தன. ஒருவர் பெயர் இன்னொருவர் வாயில் சரியாக வராது. கதவு எண்தான் எல்லோருக்கும் பொதுவான மொழி.

ஒரு படம் மட்டும் அம்மாவுக்கும் பிடிபடவில்லை. ஆயுதபூஜை, கேட்டுக்கு வெளியே அப்பா, அம்மா, அம்மா இடுப்பில் கைக்குழந்தையாக நான். பக்கத்தில் ஒரு பெண்ணும், சைக்கிள் டயரைப் பிடித்துக்கொண்டு ஒரு பையனும். அதை எடுத்துக்கொண்டு ராமமூர்த்திநகரில் மகன் வீட்டில் இருக்கும் எதிர்வரிசை அஜ்ஜியை, கன்னடக்காரப் பாட்டியை, பார்க்கப் போனேன். இருபது வருடம் ஆகிவிட்டது பார்த்து. என்னை அடையாளம் தெரியவில்லை, அம்மாவின் கதவு எண்ணைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் முகங்களைப் பார்க்கவே இல்லை. விரலை வைத்தது அம்மாவின் புடவைமேல். "ஈ சீரெ நந்து" என்றார். இந்தப் புடவை என்னுடையது.

தலைப்பிரசவம் முடிந்து அம்மா ஊரிலிருந்து வந்த புதிது. நல்ல புடவைகள் எல்லாம் திருப்பத்தூரில் டிரங்குப் பெட்டியில். பூஜைக்குக் கட்டிக்கொள்ள அஜ்ஜி தன் கல்யாணப் புடவையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் நிற்கும் பெண் அஜ்ஜியேதான், கட்டியிருப்பது சாதாரண நூல் புடவை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தோய்ச்சு, பூவும் தேங்காயும் வெச்சுத் திருப்பிக் குடுத்தேன்டா" என்றார்.

உங்கள் வீட்டுப் படங்களில் இப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.


அல்சூர், ஸ்டுடியோக்காரரின் மகன்

அண்ணா, உங்கள் படத்தை எடுத்தது எங்கள் அப்பாவாக இருக்க வாய்ப்பு இருக்கிறது, இல்லாமலும் போகலாம். தீபாவளி, பொங்கல், ஆயுதபூஜை என்றால் சைக்கிளில் ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு ஓல்டு மெட்ராஸ் ரோடு முழுக்கப் போய்வருவார். பையப்பனஹள்ளியில் என்ஜிஇஎஃப் ஆலைக் குடியிருப்பில் ஆரம்பித்து கே.ஆர்.புரம் வரைக்கும்.

படங்களின் காலத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கையகலச் சதுரப் படம், இரண்டேகால் அங்குலம் என்றால் அது 120 என்ற அளவு பிலிம் ரோலில் நெகட்டிவை நேரே தாள்மேல் வைத்து எடுத்த பிரிண்ட், பெரிதாக்காதது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அதனால்தான் ஒரு படத்துக்குள் பதினைந்து பேர் நிற்பார்கள். பிறகு வீட்டுக்கு வீடு ஆக்ஃபா கிளிக் கேமரா வந்தது, ஊட்டியில் தயாரான இந்து பிலிம் வந்தது, கூட்டம் குறைந்து படத்துக்கு இரண்டு பேர் என்றானது.

பின்பக்கம் ஸ்டாம்ப் இருந்தால் பாருங்கள். 'மைசூர் ஸ்டேட்' என்று இருந்தால் 1973 நவம்பருக்கு முன்னால் எடுத்தது, அன்றுதான் மாநிலம் கர்நாடகா ஆனது. ஆனால் அப்பா பழைய ரப்பர் ஸ்டாம்பைத் தேயும்வரை ஓட்டினார். ஒன்றிரண்டு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் மார்ச், ஏப்ரலில் கழுவிய பிரிண்டுகள்தான் அதிகம் மஞ்சளாகியிருக்கின்றன. படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலில் போட்டெடுத்த தாளை ஓடும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும், மிச்சம் இருந்தால் வருடக்கணக்கில் படத்தை அரித்துப் பழுப்பாக்கிவிடும். கோடையில் குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும். அம்மா சமைக்கப் பிடித்தது போக மிச்சத்தில்தான் அப்பா படம் அலசுவார். மஞ்சளான படத்தை யாராவது கொண்டுவந்து காட்டினால் அவருக்கு முகம் வாடிவிடும். எனக்கு அந்தப் படங்கள்மேல்தான் பிரியம் அதிகம்.

கறுப்புத் தாளிலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பக்கத்தோடு சேர்த்துப் படம் பிடியுங்கள். பின்னால் எழுதினால் மென்மையான பென்சில், அழுத்தாமல். பால்பாயிண்ட் முகத்தில் தடம் விழும்.


ஜாலஹள்ளி, எச்எம்டி வாட்ச் பிரிவில் வேலை பார்த்தவரின் மகள்

எங்கள் வீட்டில் வேலைக்குப் போனது அம்மா. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் எச்எம்டி கடிகாரம் செய்ய ஆரம்பித்தது, பாகங்களைக் கோக்கும் வரிசையில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். கண்ணில் லென்ஸ், கையில் ட்வீசர், மூச்சைக்கூட மெல்ல விட வேண்டும் என்பார்.

ஆல்பத்தைப் பார்க்கும்போது நான் முதலில் மணிக்கட்டுகளைத்தான் பார்ப்பேன். ஜனதா கட்டியவர் யார், புது மாப்பிள்ளை கையில் காஞ்சன் இருக்கிறதா என்று. இரண்டும் எச்எம்டி வாட்ச்களின் பெயர்கள். காஞ்சனுக்குப் பெரிய கிராக்கி, கல்யாணச் சீரில் அதைக் கேட்டு வாங்குவார்கள். சொந்தக்காரர் ஒருவர் விடாமல் அம்மாவிடம் வந்து நிற்பார்கள். அம்மா தனக்குச் சுஜாதா என்ற பெண்கள் வாட்ச் ஒன்று வாங்க ஆறு வருடம் ஆனது. அதற்கு முந்தைய படங்களில் அவர் இடது கையைப் புடவைத் தலைப்பில் மறைத்திருப்பார். இதை நான் கவனித்ததே போன வாரம்தான், அண்ணா எழுதியதைப் படித்த பிறகு.

லால்பாகில் எச்எம்டி 1983இல் வைத்த மலர்க் கடிகாரத்துக்கு முன்னால் ஒரு கலர் படம் இருக்கிறது. ஜாலஹள்ளிக் குடும்பங்கள் எல்லாவற்றிலும் அந்தப் படம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் அம்மா கையை நீட்டி வைத்திருக்கிறார்.


முருகேஷ்பாளையா, ஆலைத் தொழிலாளியின் மகன்

ஒரே ஒரு படம் பற்றிச் சொல்கிறேன். பின்னால் அப்பா கையெழுத்தில் 'ஜனவரி 81' என்று இருக்கிறது. எங்கள் தெருவின் ஆண்கள் பதினோரு பேர் எங்கள் வீட்டுத் திண்ணையிலும் படியிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். லுங்கி, பனியன். நிழல் காலடியில் கிடக்கிறது, அப்படியென்றால் நடுப்பகல். வேறெந்தப் படத்திலும் அப்பா நடுப்பகலில் வீட்டில் இல்லை. சங்கு ஊதும் முன் போய், இருட்டிய பிறகு வருவார்.

1980 டிசம்பர் கடைசியில் பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தம் 77 நாள் நடந்தது. எங்களுக்கு அது அப்பா வீட்டில் இருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. தினமும் மதியம் அப்பாவோடு சாப்பிடுவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். சாப்பாடு ரசமும் அப்பளமும் ஆகி, பிறகு அப்பளமும் நின்றது எனக்கு உறைக்கவில்லை. மளிகைக்கடை ஷெட்டர் கணக்குப் புத்தகத்தை மூடிவிடவில்லை. மார்ச்சில் வேலைக்குத் திரும்பிய பிறகு அந்தக் கடன் முழுக்கத் தீர ஒன்றரை வருடம் ஆயிற்று. கடைசித் தவணை கொடுத்த அன்று ஷெட்டர் எனக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுத்தார்.

பதினோரு பேரில் இப்போது இருப்பவர் ஒருவர்தான். போன தீபாவளிக்குப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொருவராகத் தொட்டு ஊர், மொழி, ஆலையில் எந்த ஷாப், என்ன மெஷின் என்று சொன்னார். தன்மேல் விரல் வந்ததும், "இவன் யாரு?" என்று என்னைக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் மாமா" என்றேன்.


மீண்டும் தூரவாணிநகர்க்காரர்

எல்லோருக்கும் நன்றி. ஸ்டுடியோக்காரர் மகன் சொன்னதைக் கேட்டு, 23 படங்களில் இதுவரை 17க்குப் பென்சிலில் எழுதிவிட்டேன். கதவு எண்ணைத்தான் முதலில் எழுதினேன், கிடைத்தால் பெயரும்.

மணிக்கட்டு பார்த்த சகோதரி எழுதியதும் நானும் திரும்பப் பார்த்தேன். அஜ்ஜியின் கையில் வளையல் இல்லை. அம்மாவின் இரண்டு கையிலும் இருக்கிறது. இன்னும் அம்மாவிடம் கேட்கவில்லை.

எதிர்வரிசை அஜ்ஜியைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் ஊர் பற்றியெரிந்த இரவு, எங்கள் நாலு பேரையும் தன் வீட்டுக்குள் படுக்கவைத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் படம் கிடையாது. அதையும் ஆயுதபூஜைப் படத்தின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன்.

சைக்கிள் டயர் பையன் மட்டும் யாரென்று அம்மாவுக்கும் தெரியவில்லை, அஜ்ஜிக்கும் தெரியவில்லை. 1962 ஆயுதபூஜை, பத்து வயது இருக்கலாம். அரைக்கால் சட்டையில் இடது பை கிழிந்து தொங்குகிறது, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கேமராவைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இப்போது எழுபது தாண்டியிருப்பார். உங்கள் அப்பாவோ மாமாவோ டயர் ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரிந்த கதை சொல்லியிருந்தால் எழுதுங்கள், படத்தை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.