ஈசிஜி நார்மல், ஆனால் உயிர் போகிற மாதிரி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தாம்பரம்_டு_பீச்
எனக்கு ரயில் கிண்டி தாண்டியதும் பேனிக் அட்டாக் வரும், அதாவது திடீரென்று கிளம்பும் சாவு பயம். எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் தடவை சைதாப்பேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து கேஷுவாலிட்டிக்கே போய்விட்டேன். ஈசிஜி, ட்ரோபோனின் என்ற ரத்த டெஸ்ட், எக்கோ எல்லாம் நார்மல். "கேஸ்தான் தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். இப்படி மூன்று தடவை.

சொல்ல வந்தது அது இல்லை. தெரபியில் நான்காவது வாரம், மேடம் டிராயரிலிருந்து ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை எடுத்துக் கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அதன் வழியாக மட்டும் மூச்சு விட வேண்டுமாம். பாதி நிமிஷம்கூட ஆகவில்லை, அதே நெஞ்சடிப்பு, அதே மரத்துப்போன விரல், அதே "போச்சு". ஸ்ட்ராவை எடுத்தேன், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. "ஹார்ட் அட்டாக் வந்ததா?" என்றார். வரவில்லை, கோபம்தான் வந்தது. மூன்று வருஷம் இதற்காகவா ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸில் போனேன்!

அடுத்த வீட்டுப்பாடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் நெஞ்சுவலி மாத்திரையான சார்பிட்ரேட் அட்டையிலிருந்து கிழித்த இரண்டு மாத்திரை எப்போதும் என் பர்ஸில் இருக்கும். இதுவரை போட்டதில்லை. அதை வீட்டில் வைத்துவிட்டு ரயில் ஏற வேண்டும். கை வரவில்லை. யாராவது செய்திருக்கிறீர்களா?

கோவை_வாக்கர்
எனக்கு ஒரே தடவை, 2019-ல், மகள் கல்யாணப் பந்தியில். கை நடுங்கி சாம்பாரை இலைக்கு வெளியே ஊற்றினேன். சம்பந்தி பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவுதான்.

தம்பி, ஸ்ட்ராவில் மூச்சு விடச் சொல்வதற்கு ஃபீஸா? காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். காபியை நிறுத்துங்கள். முக்கால் மணி நேரம் நடை, வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர், ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் கூடாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். பேதிக்குச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது? எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பேரே கிடையாது.

நைட்_ஷிப்ட்
பேர் இல்லையே தவிர வியாதி இருந்தது சார். உங்கள் சாம்பார் வாளியே சாட்சி.

காபி விஷயம் சரி, அது படபடப்பைக் கிளப்பும். ஆனால் ஃபீஸ் ஸ்ட்ராவுக்கு இல்லை. 1986-லேயே டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் எழுதிவிட்டார்: உடம்பில் வரும் சாதாரண மாற்றத்தைச் சாவு என்று தப்பாகப் படிக்கிறோம், பயம் ஏறுகிறது, பயத்தில் படபடப்பு இன்னும் ஏறுகிறது. அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் வேண்டுமென்றே மூச்சு முட்ட வைப்பது. மாத்திரையைப் பையில் வைத்திருந்தால், "அது இருந்ததால் பிழைத்தேன்" என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும்.

எனக்கு தெரபியோடு செர்ட்ராலின் என்ற பதற்றத்துக்கான மாத்திரையும் கொடுத்தார்கள். முதல் பத்து நாள் படபடப்பு கூடியது, டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவர் சொல்லாதது மெடிக்கல் ஷாப். சீட்டைப் பார்த்த பையன், ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, "மென்ட்டல் டாக்டர் சீட்டாண்ணா?" என்று உள்ளே குரல் கொடுத்தான். இப்போதும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. இதற்கு எந்த ஸ்ட்ரா?

கரூர்_மருமகள்
எனக்கு வேப்பிலை அடித்தார்கள். பத்து நிமிஷத்தில் அடங்கியது. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. பூசாரிக்கு 500 ரூபாயும் ஒரு சேவலும் போச்சு.

காசில்லாதவர்கள் 14416-க்கு அடியுங்கள். டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். மாமியார் தூங்கின பிறகு மொட்டை மாடியில் நின்று பேசினேன். ஸ்ட்ரா விஷயத்தை ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் தானாகச் செய்து பார்க்காதீர்கள்.

தாம்பரம்_டு_பீச்
இன்று மாத்திரை டிவி மேல் இருக்கிறது. ஏறினேன். பரங்கிமலையில் இறங்கிவிட்டேன். கோவை சார், சீரகத் தண்ணீரும் குடித்துவிட்டுத்தான் போனேன்.