யூனிட்டரி அத்தாரிட்டி: 'ஓரடுக்கு மன்றம்' சரிவருமா?

இங்கிலாந்தில் ஒரு பகுதியின் உள்ளாட்சி வேலைகளை இரண்டு மன்றங்கள் பங்கிடாமல் ஒரே மன்றம் பார்த்தால் அது யூனிட்டரி அத்தாரிட்டி (unitary authority). நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'ஓரடுக்கு மன்றம்' என்று போடலாம் என்பது என் யோசனை. வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

> 'ஒற்றையாட்சி மன்றம்' என்றே போட்டுவிடலாமே?

வேண்டாம் ஐயா. ஒற்றையாட்சி என்பது கூட்டாட்சிக்கு எதிர்ச்சொல்லாக நிலைத்துவிட்டது. இலங்கை அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரையும் அந்தச் சொல்லை அப்படித்தான் ஆள்கிறது. அங்கே பேச்சு அரசின் இறைமை பற்றியது. இங்கே குப்பை லாரி பற்றியது.

> அப்படியானால் 'ஒருங்கிணைந்த மன்றம்'?

வில்ட்ஷயர் என்ற கவுண்டிக்குப் (பல மாவட்டங்களை அடக்கிய பெரிய பகுதி) பொருந்தும். 2009 ஏப்ரல் 1 அன்று கென்னட், வடக்கு வில்ட்ஷயர், சால்ஸ்பரி, மேற்கு வில்ட்ஷயர் ஆகிய நான்கு மாவட்ட மன்றங்களின் வேலையும் கவுண்டி மன்றத்தோடு சேர்ந்தது. பார்க்ஷயர் என்ற இன்னொரு கவுண்டியில் நடந்ததோ நேர் எதிர். 1889இல் அமைந்த கவுண்டி மன்றத்தை 1998 ஏப்ரல் 1 அன்று கலைத்து, அதன் பொறுப்புகளை ரெடிங், ஸ்லௌ, வோக்கிங்ஹாம், பிராக்னெல் ஃபாரஸ்ட், மேற்கு பார்க்ஷயர், விண்ட்சர்-மெய்டன்ஹெட் என ஆறு மன்றங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பிரித்ததைப் போய் 'ஒருங்கிணைந்த' என்றால் படிப்பவர் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வார். (பார்க்ஷயர் இன்னும் கவுண்டிதான். மன்றம்தான் இல்லை!)

இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே: ஓர் அடுக்கு போனது. 1974இல் நடைமுறைக்கு வந்த ஈரடுக்கில் பள்ளி, நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டியிடம். வீட்டுவசதி மாவட்ட மன்றத்திடம். வாசலில் குப்பையை அள்ளுவது மாவட்ட மன்றம், அள்ளியதை அழிப்பது கவுண்டி. தொட்டி நிரம்பி வழிந்தால் யாரிடம் முறையிடுவது என்பதிலேயே பாதிக் குழப்பம்.

> அடியில் பாரிஷ் மன்றங்கள் இருக்கின்றனவே, பிறகெப்படி ஓரடுக்கு?

நியாயமான இடறல். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த பாரிஷ் மன்றங்கள் (ஊர் அளவிலான சிறு மன்றங்கள்) வில்ட்ஷயரில் இன்றும் உண்டு. ஆனால் கவுண்டி, மாவட்ட மன்றங்களைச் சட்டம் 'முதன்மை மன்றம்' (principal council) என்று சொல்கிறது; அந்த வகையில் பாரிஷ் மன்றங்கள் சேரா. ஆகவே விளக்கத்தில் 'முதன்மை மன்றங்கள் ஓரடுக்காக உள்ள அமைப்பு' என்று ஒரு வரி போதும். அதைத் தலைச்சொல்லிலேயே திணித்தால் 'ஓரடுக்கு முதன்மை உள்ளாட்சி மன்றம்' என்று ரயில் நீளத்துக்குப் போய்விடும். யாரும் எழுத மாட்டார்கள்.

'மூன்றடுக்கு ஊராட்சி' நாளிதழில் புழங்குவதால் 'அடுக்கு' யாருக்கும் புதிதல்ல. 'ஒரடுக்கு' என்று குறிலில் எழுத வேண்டாம். உயிருக்கு முன் 'ஓர்'தான். 'இரண்டடுக்கு' என்றால் மாடிவீடு நினைவுக்கு வருகிறது, ஈரடுக்கே இருக்கட்டும்.

இன்னொன்று: பழைய பட்டியலில் கவுண்டிக்கு 'மாவட்டம்' என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கவுண்டி என்றே வைப்போம். இல்லாவிட்டால் டிஸ்ட்ரிக்டுக்கு என்ன செய்வது?